அரை வாட்டிலிருந்து நாலு பல்பு வரை

செவ்வாய், சிகாகோ

மகளைப் பார்க்க அமெரிக்கா வருகிற அப்பாக்கள் நயாகரா போவார்கள், வாஷிங்டன் போவார்கள், ஏதாவது ஒரு கோயிலுக்குப் போவார்கள். நான் பழைய அணு உலைகளைப் பார்க்க வேண்டும் என்றதும் மாப்பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி மாமா, லீவு போட்டுட்டு நானே வண்டி ஓட்டறேன்" என்றார். மகளும் என் வீட்டுக்காரியும் இந்த ஆட்டத்துக்கு வரவில்லை.

தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் பாய்லரும் டர்பைனுமாகவே காலம் தள்ளியவன் நான். கரியை எரித்தாலும் அணுவைப் பிளந்தாலும் கடைசியில் தண்ணீரைக் கொதிக்கவைத்து டர்பைனைச் சுற்றுவதுதான் வேலை. அணு உலைக்கு அந்த வேலை எப்போது வந்தது, அதற்கு முன்னால் அந்த வெப்பத்தை என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு வெகுநாளாக இருந்த கேள்வி. அதற்குத் தோதாக ஊர்களை வரிசைப்படுத்திக்கொண்டேன்.

முதல் இடம் மகள் வீட்டிலிருந்து அதிகத் தூரமில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் சவுத் எல்லிஸ் அவென்யூ ஓரம் ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது, ஹென்றி மூர் செய்தது. மேலே மழமழவென்று உருண்டை, கீழே தூண்களும் குகைகளும். ஒரு பக்கம் பார்த்தால் மண்டை ஓடு, இன்னொரு பக்கம் குண்டு வெடித்த மேகம். 1967 டிசம்பர் 2 அன்று திறந்தார்கள். சரியாக 25 வருடம் முன்பு அதே தேதியில், இதே இடத்தில்தான் மனிதன் கட்டிய முதல் அணு உலை இயங்கியது.

உலை இருந்த கட்டடம் இப்போது இல்லை. ஸ்டாக் ஃபீல்டு என்ற விளையாட்டு மைதானத்தின் மேற்குப் பார்வையாளர் மாடத்துக்கு அடியில் ஒரு ஸ்குவாஷ் கூடம். அதற்குள்தான் கட்டினார்கள். 1957இல் மாடத்தை இடித்தார்கள், பிறகு பக்கத்தில் பெரிய நூலகம் வந்துவிட்டது. காதில் இயர்போனோடு மாணவர்கள் சிலையைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் அதில் சைக்கிளைச் சாய்த்துவைத்துவிட்டுப் போனான்.

நகரத்துக்கு நடுவே உலையா என்று கேட்கத் தோன்றும். ஊருக்கு வெளியே ஆர்கான் காட்டில் கட்டுவதாகத்தான் திட்டம். அங்கே கட்டடத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் வேலை தாமதமானது. இங்கேயே கட்டிவிடலாம், கணக்கு சரியாக இருக்கிறது என்றார் உலையை வடிவமைத்த இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மி. திட்டத்தின் தலைவர் ஆர்தர் காம்ப்டன் ஒப்புக்கொண்டார். பல்கலைக்கழகத் தலைவரிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் மறுக்கத்தான் வேண்டியிருக்கும், அதனால் கேட்காமல் விட்டேன் என்று பின்னாளில் காம்ப்டனே சொன்னார்.

உலை என்றால் பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. கிராஃபைட் கட்டிகளை அடுக்கிய ஒரு மலை. 57 அடுக்குகள், சுமார் 45,000 கட்டிகள், முந்நூறு டன்னுக்கு மேல் எடை. ஒன்றுவிட்டு ஓர் அடுக்கில் கட்டிகளைக் குடைந்து யுரேனியத்தையும் யுரேனியம் ஆக்சைடையும் வைத்தார்கள். பகல் ஷிஃப்டுக்கு வால்டர் ஜின் என்ற கனடாக்காரர் பொறுப்பு, இரவு ஷிஃப்டுக்கு ஹெர்பர்ட் ஆண்டர்சன். நவம்பர் நடுவில் தொடங்கி டிசம்பர் முதல் தேதி ராத்திரி முடித்துவிட்டார்கள். கட்டி அறுக்கவும் தூக்கவும் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட உள்ளூர்ப் பையன்கள். எல்லாருக்கும் முகமெல்லாம் கரி. கன்வேயர் பக்கம் போய்வந்த எங்கள் ஆட்களுக்குப் பரிச்சயமான முகம்தான். ஜின் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பாலைவனத்தில் மறுபடி வருவார்.

கிராஃபைட் எதற்கு? யுரேனியம் 235 அணு பிளந்தால் வேகமாக ஓடும் நியூட்ரான்கள் வெளியே வரும். அடுத்த அணுவைப் பிளக்க மெதுவான நியூட்ரான்தான் தோது. கிராஃபைட்டில் மோதி மோதி வேகம் குறையும். ஆனால் கிராஃபைட்டில் போரான் துளி கலந்திருந்தாலும் அது நியூட்ரான்களை விழுங்கிவிடும். ஹங்கேரியிலிருந்து வந்த லியோ ஸிலார்டு இதைச் சரியாகக் கணித்து, போரான் இல்லாத கிராஃபைட் வேண்டும் என்று கம்பெனிகளைத் துளைத்தெடுத்தார். ஜெர்மனியில் வால்டர் போதே செய்த அளவீட்டில் கிராஃபைட் உதவாது என்று முடிவு வந்தது. அவர்கள் நியூட்ரானை மெதுவாக்கக் கனநீரைத் தேடிப் போனார்கள். போரின் போக்கையே ஒரு கலப்படம் கொஞ்சம் திருப்பிவிட்டது என்று தோன்றுகிறது.

1942 டிசம்பர் 2 காலை, கடுங்குளிர். அந்தக் கூடத்தைச் சூடாக்க வழியில்லை. காவலாளிகள் குளிர் தாங்க, பழைய கால்பந்து அணியின் அறையில் கிடைத்த ரக்கூன் தோல் கோட்டுகளைப் போட்டிருந்தார்களாம். ஃபெர்மி கையில் ஸ்லைடு ரூல். ஜார்ஜ் வைல் நியூட்ரானை விழுங்கும் காட்மியத் தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுக்க, கவுண்ட்டர் டிக்டிக் என்று வேகமெடுக்கும். ஃபெர்மி கணக்குப் போடுவார், தலையாட்டுவார், அடுத்த அளவு. உச்சியில் மூன்று பேர் காட்மியம் கரைசலோடு தயார். தானியங்கித் தண்டு விழாவிட்டால் கயிற்றை வெட்டி அவசரத் தண்டை விழவைக்க நார்மன் ஹில்பெரி கையில் கோடரி. கூட்டத்தில் ஒரே பெண் லியோனா வுட்ஸ்.

பகல் சாப்பாட்டு நேரத்துக்கு முன் தடால் என்று ஒரு சத்தம். தானியங்கித் தண்டு விழுந்து உலை நின்றுவிட்டது. காரணம், ட்ரிப் செட்டிங்கை, அதாவது உலை தானாக நின்றுவிடும் எல்லையை, கொஞ்சம் குறைவாக வைத்திருந்தார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உலகத்தின் முதல் அணு உலைக்கும் முதல் நாளே ட்ரிப். ஃபெர்மி, "பசிக்கிறது, சாப்பிடப் போகலாம்" என்று சொல்லி எல்லாரையும் அனுப்பிவிட்டார்.

மதியம் 3.25க்கு உலை தன்னைத்தானே நடத்திக்கொள்ளும் நிலைக்கு வந்தது. 28 நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினார்கள். யூஜின் விக்னர் ஒளித்துவைத்திருந்த கியாந்தி ஒயினைக் காகிதக் கோப்பைகளில் ஊற்றிக் குடித்தார்கள். எல்லாரும் போனபின் ஸிலார்டு ஃபெர்மியின் கையைப் பிடித்துக் குலுக்கி, மனித வரலாற்றில் இது ஒரு கறுப்பு நாளாக இருக்கும் என்றார்.

எவ்வளவு பவர் தெரியுமா? அரை வாட். ஒரு டார்ச் பல்புகூட ஒழுங்காக எரியாது. அதனால்தான் குளிர்விக்க விசிறியும் இல்லை, தண்ணீரும் இல்லை, கதிரியக்கத்துக்கு மறைப்புச் சுவரும் இல்லை. வெப்பம் என்ற பேச்சே அங்கே எழவில்லை.

இந்த வளாகம் வந்து நம் வானியற்பியலாளர் சந்திரசேகரை நினைக்காமல் போக முடியுமா? 1937 முதல் கடைசி வரை இந்தப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர். ஆனால் உலை கட்டியபோது அவர் வேலை விஸ்கான்சினில் இருந்த யெர்க்ஸ் வானாய்வகத்தில். போருக்குப் பிறகு ஃபெர்மிக்கு நெருக்கமாகி, 1953இல் இருவரும் சேர்ந்து விண்மீன் மண்டலத்துக் காந்தப்புலம் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். அடுத்த வருடமே ஃபெர்மி புற்றுநோயில் போய்விட்டார், 53 வயதில்.

புதன், ரெட் கேட் உட்ஸ்

இன்று அரை நாள் காட்டில். நகரத்துக்குத் தென்மேற்கே ஆர்ச்சர் அவென்யூ ஓரம் வண்டியை விட்டுவிட்டு ஓக் மரங்களுக்கு நடுவே நடந்தோம். கொசுக்கடி தாங்கவில்லை.

1943 தொடக்கத்தில் ஸ்டாக் ஃபீல்டு உலையைக் கட்டி கட்டியாகக் கழற்றி இங்கே கொண்டுவந்து, இந்த முறை மறைப்புச் சுவரோடு மறுபடி அடுக்கினார்கள். முதலில் போட்ட திட்டத்தின் இடத்துக்கே வந்து சேர்ந்தது. 1944இல் பக்கத்திலேயே கனநீரில் ஓடும் உலகின் முதல் உலையும் வந்தது. இரண்டையும் ஐம்பதுகளில் மூடி, பெரிய குழி தோண்டி இங்கேயே புதைத்துவிட்டார்கள். மேலே ஒரு கருங்கல், உலகின் முதல் உலை இங்கே புதைந்திருக்கிறது என்று சொல்கிறது.

கொஞ்சம் தள்ளி இன்னொரு கல். அடியில் கதிரியக்கக் கழிவு இருக்கிறது, தோண்டாதீர்கள், பார்வையாளர்களுக்கு ஆபத்தில்லை என்ற பொருளில் வாசகம். கிராஃபைட்டை நாள் கணக்கில் தூக்கிச் சுமந்த பையன்களுக்குக் கல்லும் இல்லை, பெயர்ப் பலகையும் இல்லை. நாய் கூட்டி வந்த ஒரு பெரியவரிடம் மாப்பிள்ளை பேச்சுக் கொடுத்தார். இந்தப் பக்கம் தினம் வருகிறாராம், கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று நின்று படித்ததில்லையாம்.

வியாழன், ரிச்லாண்ட்

நாள் முழுக்க விமானம். டென்வரில் மாறி, வாஷிங்டன் மாநிலத்தில் பாஸ்கோ. விமானத்தில் பழைய குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

வெப்பத்தைப் பயன்படுத்தும் யோசனை போருக்கு முன்பே வந்துவிட்டது. 1938 டிசம்பரில் பெர்லினில் ஓட்டோ ஹானும் ஃப்ரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தில் நியூட்ரானை மோதவிட்டபோது பேரியம் கிடைத்தது. ஏன் என்று புரியாமல் ஹான் தன் பழைய சகாவான லீஸெ மைட்னருக்கு எழுதினார். யூதர் என்பதால் ஜெர்மனியை விட்டுத் தப்பி ஸ்வீடனில் இருந்தார் மைட்னர். கிறிஸ்துமஸ் விடுமுறையில் அக்காள் மகன் ஓட்டோ ஃப்ரிஷ்ஷோடு பனியில் நடந்தபடியே கணக்குப் போட்டு, அணு இரண்டாகப் பிளந்திருக்கிறது, ஒவ்வொரு பிளவிலும் ஏறக்குறைய 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் வெளிவரும் என்று கண்டார்கள். நோபல் பரிசு ஹானுக்கு மட்டும் போனது. அது சரியில்லை என்பதுதான் என் கட்சி.

சில மாதத்தில், 1939 மே மாதம், பாரிஸில் ஃப்ரெடரிக் ஜோலியோவின் குழு காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. முதல் விண்ணப்பமே யுரேனியத்திலிருந்து ஆற்றல் எடுக்கும் கருவிக்கு. ஆக, மின்சாரம் என்ற திசையில்தான் ஒரு கால் எடுத்து வைத்தார்கள். செப்டம்பரில் போர் வந்தது. அமெரிக்கா கைக்கு விஷயம் போனபோது தேவைப்பட்டது குண்டு.

இறங்கியதும் அனல். மரமே இல்லாத பழுப்புக் குன்றுகள், நடுவே அகலமாகக் கொலம்பியா ஆறு. ரிச்லாண்ட் முழுக்க அரசாங்கம் வடிவமைத்த பழைய வீடுகள். உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு அணிக்குப் பெயர் 'பாம்பர்ஸ்', சின்னம் காளான் மேகம். போர்க்காலத்தில் ஊழியர்கள் ஒரு நாள் கூலியைச் சேர்த்து வாங்கிக் கொடுத்த விமானத்தோடு சம்பந்தப்பட்ட பெயர் அது என்று ஊரில் விளக்கம் சொல்கிறார்கள். விமானம் சரி, மேகம்?

வெள்ளி, பி ரியாக்டர்

போர்க்காலத்தில் கட்டிய பி ரியாக்டர் என்ற உலைக்கு முன்பதிவு செய்தவர்களைப் பேருந்தில் கூட்டிப்போகிறார்கள். முக்கால் மணி நேரம் வெறும் புதர்க்காடு. 1943 தொடக்கத்தில் இங்கே ஹான்ஃபோர்டு, ஒயிட் பிளஃப்ஸ் என்று இரண்டு ஊர்கள் இருந்தன. பழத்தோட்டக்காரர்களுக்கு நோட்டீஸ் கொடுத்துச் சில வாரத்தில் வெளியேற்றினார்கள். காலங்காலமாக ஆற்றில் மீன் பிடித்த வானாபம் பழங்குடிகளையும் தள்ளிவிட்டார்கள். எதற்கு என்று யாருக்கும் சொல்லவில்லை. ஊரில் மிச்சம் நிற்பது பள்ளிக்கூடத்தின் வெற்றுச் சுவர்.

அப்புறம் 45,000 பேர் வந்து கட்டினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கும் எதைக் கட்டுகிறோம் என்று தெரியாது.

கட்டடத்துக்குள் நுழைந்ததும் எதிரே உலையின் முகப்பு. மாப்பிள்ளை "அம்மாடி" என்றார். சுவர் முழுக்க 2,004 குழாய் வாய்கள், வரிசை வரிசையாக. பின்னால் 1,200 டன் கிராஃபைட். ஒவ்வொரு குழாயிலும் அலுமினிய உறையிட்ட, ஒரு சாண் நீள யுரேனியத் துண்டுகள். முன்பக்கம் புதுத் துண்டைத் தள்ளினால் பின்பக்கம் வெந்த துண்டு வெளியேறித் தண்ணீர்த் தொட்டியில் விழும். அந்தத் துண்டில் கொஞ்சம் யுரேனியம் புளூட்டோனியமாக மாறியிருக்கும். அதைப் பிரித்தெடுக்கத் தனி ஆலைகள். இந்த உலை குண்டுக்குப் புளூட்டோனியம் செய்யும் கருவி, வேறு எதற்கும் இல்லை.

கண்ட்ரோல் ரூமில் என்னை நகர்த்தவே முடியவில்லை. ஒரு சுவர் பூராவும் அழுத்தமானிகள், குழாய்க்கு ஒன்று வீதம் 2,004. எந்த ஒரு குழாயில் தண்ணீர் அழுத்தம் எல்லை தாண்டினாலும் உலை ட்ரிப். எங்கள் யூனிட்டில் ஒரு ஷிஃப்டுக்கு இத்தனை அளவுமானியைப் பார்க்கச் சொல்லியிருந்தால் யூனியன் கொடி பிடித்திருக்கும்.

1944 செப்டம்பர் 26 இரவு முதல் முறை ஓடியது. ஃபெர்மி, லியோனா வுட்ஸ் எல்லாரும் இருந்தார்கள். பவர் ஏறியது, சில மணி நேரம் நன்றாக ஓடியது, பிறகு தானாக இறங்கத் தொடங்கி, அடுத்த நாள் உலை செத்துவிட்டது. எங்கும் தண்ணீர் ஒழுகவில்லை, எதுவும் உடையவில்லை. அதற்கடுத்த நாள் தானாக உயிர் வந்தது, மறுபடி செத்தது.

ஜான் வீலர் என்ற இளம் இயற்பியலாளர் அந்த ஏற்ற இறக்கத்தின் நேரத்தை வைத்தே திருடனைப் பிடித்தார். அணு பிளவில் உண்டாகும் அயோடின் சில மணி நேரத்தில் செனான் 135 ஆக மாறும். செனானுக்கு நியூட்ரான் மீது அடங்காத பசி. போதுமான அளவு சேர்ந்ததும் உலையை அணைத்துவிடும். உலை நின்றால் அது சிதைந்து குறையும், மறுபடி உலை எழும். சிகாகோ உலை அரை வாட்டில் ஓடியதால் இது அங்கே தெரியவே வாய்ப்பில்லை.

மருந்து ஏற்கனவே கட்டடத்தில் இருந்தது. இயற்பியலாளர்கள் 1,500 குழாய் போதும் என்று கணக்குக் கொடுத்திருந்தார்கள். கட்டிய டூபாண்ட் கம்பெனியின் பொறியாளர்கள், எதற்கும் இருக்கட்டும் என்று மூலைகளிலும் சேர்த்து 504 குழாய் கூடுதலாகப் போட்டிருந்தார்கள். காசை வீணாக்குகிறார்கள் என்று விஞ்ஞானிகள் முணுமுணுத்தார்களாம். அந்தக் குழாய்களிலும் யுரேனியத்தை ஏற்றியதும் செனானை மிஞ்சி உலை ஓடியது. கணக்குப் போடுகிறவனை விட, பழுது பார்த்துக் கை சுட்டவன் கூட நாலு போல்ட் போடுவான். எனக்கு இந்தப் பயணத்தில் மிகப் பிடித்த கதை இதுதான்.

இப்போது வெப்பத்துக்கு வருகிறேன். இந்த உலையின் வடிவமைப்புத் திறன் 250 மெகாவாட், முழுக்க வெப்பம். தூத்துக்குடியில் எங்கள் 210 மெகாவாட் யூனிட் ஒன்றின் பாய்லர் தருவதில் பாதிக்கும் குறைவு, ஆனாலும் அசட்டை செய்யக்கூடிய அளவு இல்லை. அதை என்ன செய்தார்கள்? கொலம்பியா ஆற்றிலிருந்து நிமிடத்துக்கு 75,000 கேலன், அதாவது 2.8 லட்சம் லிட்டர் தண்ணீரை இழுத்து, குழாய்களுக்குள் ஒரே ஒரு முறை ஓடவிட்டு, தொட்டியில் கொஞ்ச நேரம் நிறுத்தி, திரும்ப ஆற்றிலேயே விட்டார்கள். வெப்பம் இங்கே குப்பை. இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கே குப்பையைக் கரைக்கப் பெரிய குளிர்ந்த ஆறு இருந்தது ஒரு முக்கியக் காரணம்.

நானும் கண்டென்சர் சூட்டைக் கடலில் விட்டவன்தான். ஆனால் டர்பைனைச் சுற்றிவிட்டு மிச்சத்தை விட்டேன். இங்கே டர்பைன் கூடமே கிடையாது. கண் அதைத் தேடித் தேடி ஏமாந்தது. ஆற்றோடு போனது வெப்பம் மட்டுமில்லை, கதிரியக்கமும் கூட. புளூட்டோனியம் பிரித்த கழிவு 177 நிலத்தடித் தொட்டிகளில் கிடக்கிறது. சில தொட்டிகள் கசிந்தும்விட்டன. துப்புரவு வேலை இன்றும் முடிந்தபாடில்லை.

திரும்பும்போது பேருந்தில் மாப்பிள்ளை பேசவேயில்லை. இறங்கியபின் கேட்டார்: "நாகசாகில போட்டது இங்க செஞ்சதுதானே மாமா?" ஆமாம் என்றேன். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஜப்பானில் இரண்டு வருடம் இருந்தவர், அந்த ஊர் அருங்காட்சியகத்துக்குப் போய் வந்தவர். இரவுச் சாப்பாடு வரை வேறு எதுவும் பேசவில்லை.

சனி, சாலை

பென்டில்டன், நீல மலைகள், போய்ஸி. ஓட்டுவது, பெட்ரோல் போடுவது, மறுபடி ஓட்டுவது. மாநில எல்லைக்குச் சற்று முன்பே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போய்விட்டது. புளியோதரை தீர்ந்தது. நாளைக்கு நீளமாக எழுதுகிறேன்.

ஞாயிறு, ஆர்க்கோ

விடியற்காலையில் கிளம்பி, கருப்பு எரிமலைக் குழம்பு உறைந்து கிடக்கும் கிரேட்டர்ஸ் ஆஃப் த மூன் வழியாக வந்தோம். அப்பல்லோ விண்வெளி வீரர்களைப் பயிற்சிக்கு அழைத்து வந்த இடம். ஆர்க்கோவைத் தாண்டிச் சற்று ஓட்டினால் தரிசின் நடுவே ஒற்றைச் செங்கல் கட்டடம். ஈபிஆர் ஒன்று என்ற சோதனை உலை. கோடையில் மட்டும் திறப்பு, நுழைவுக் கட்டணம் இல்லை.

போரில் கடற்படை பீரங்கிகளைச் சோதித்த இந்த வெளியை 1949இல் அணு உலை சோதனைக்குக் கொடுத்தார்கள். பின்னாளில் இங்கே கட்டிய உலைகளின் எண்ணிக்கை 52. அதில் ஈபிஆர்தான் முதலில் ஓடியது. வடிவமைத்தவர், சிகாகோவின் பகல் ஷிஃப்ட் ஜின்.

வாசலிலேயே ஒரு வேடிக்கை. வண்டி நிறுத்துமிடத்தில் இரண்டு மாடி உயரத்துக்கு இரும்புக் குழாய்ச் சிக்கல்கள் இரண்டு. அணுசக்தியில் பறக்கும் விமானத்துக்காகச் செய்த சோதனை எஞ்சின்கள். பெட்ரோல் போடாமல் நாள் கணக்கில் பறக்கும் குண்டு விமானம் வேண்டும் என்று பதினைந்து வருடம், நூறு கோடி டாலர் செலவழித்தார்கள். 1961இல் கென்னடி இழுத்து மூடினார். இந்த எடையை வைத்துக்கொண்டு எது பறக்கும்?

உள்ளே போனால் எல்லாம் கைக்கு அடக்கமாக இருக்கிறது. ஹான்ஃபோர்டைப் பார்த்த கண்ணுக்குப் பொம்மை மாதிரி. உலையின் மையம் ஒரு கால்பந்து அளவுதான். கிராஃபைட் இல்லை, வேக நியூட்ரான்களை வேகமாகவே பயன்படுத்துகிறது. குளிர்விக்கத் தண்ணீரும் இல்லை. தண்ணீர் நியூட்ரானை மெதுவாக்கிவிடும். அதனால் சோடியமும் பொட்டாசியமும் கலந்த, சாதாரண வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் உலோகம். அது சூட்டை எடுத்துப் போய் இரண்டாவது சுற்று உலோகத்துக்குக் கொடுக்கும். அந்த இரண்டாவது சுற்று தண்ணீரைக் கொதிக்கவைக்கும். நீராவி டர்பைனுக்குப் போகும்.

ஆமாம், டர்பைன். படி ஏறியதும் ஜெனரேட்டரோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஊரில் சர்க்கரை ஆலைகளில் பார்க்கிற அளவு. நான் அதன் உறையில் கை வைத்துக்கொண்டு நின்றதை மாப்பிள்ளை படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டார்.

1951 டிசம்பர் 20 மதியம் இந்த ஜெனரேட்டரிலிருந்து கம்பி இழுத்து, கைப்பிடிக் கம்பியில் தொங்கவிட்ட நான்கு 200 வாட் பல்புகளை எரித்தார்கள். லாக் புக்கில் ஜின் எழுதியது இரண்டே வரி: அணுசக்தியிலிருந்து மின்சாரம் வருகிறது, தோராயமாக 45 கிலோவாட். ஒரு ஆச்சரியக்குறிகூட இல்லை, நல்ல லாக் புக் அப்படித்தான் இருக்கும். மறுநாள் இந்தக் கட்டடம் முழுவதற்கும் அதுவே மின்சாரம் கொடுத்தது. அன்று இருந்தவர்கள் சுவரில் சாக்பீஸால் பெயர் எழுதினார்கள். இன்றும் அழியாமல் காத்துவைத்திருக்கிறார்கள்.

இதற்கு முன், 1948இல், டென்னசியில் ஓக் ரிட்ஜ் உலையின் சூட்டைச் சிறு பொம்மை நீராவி எஞ்சினுக்குக் கொடுத்து ஒரு குட்டி பல்பை எரித்திருக்கிறார்கள். அது ஒரு வித்தை. வெப்பத்தைப் பிடித்து வேலை வாங்க என்றே குழாயும் டர்பைனும் போட்ட முதல் உலை இதுதான்.

ஆனால் இதிலும் மின்சாரம் முதல் நோக்கம் இல்லை. எரிப்பதை விட அதிகமாகப் புது எரிபொருளை ஓர் உலை உண்டாக்க முடியுமா என்று பார்க்கக் கட்டியது. யுரேனியம் கொஞ்சம்தான் கிடைக்கும் என்று அப்போது நினைத்தார்கள். 1953இல் முடியும் என்று நிரூபித்தார்கள். நம் கல்பாக்கத்தில் 1985 முதல் இருக்கும் சோதனை ஈனுலை இதே வழி வந்தது, திரவச் சோடியத்தோடு. 1955 நவம்பரில் இங்கே ஈபிஆரில் ஒரு சோதனையின்போது எரிபொருள் தண்டுகள் சூட்டில் உள்பக்கமாக லேசாக வளைந்து, வினை எகிறி, மையத்தின் ஒரு பகுதி உருகிவிட்டது. யாருக்கும் அடி இல்லை. அந்த உருகலிலிருந்துதான் தண்டுகளை இறுக்கிப் பிடிக்கக் கற்றார்கள்.

மதியம் ஆர்க்கோ திரும்பினோம். ஆயிரம் பேர்கூட இருப்பார்களா என்று சந்தேகப்படவைக்கும் ஊர். ஊராட்சிக் கட்டடத்தில், அணுசக்தியால் ஒளி பெற்ற முதல் ஊர் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். பூங்காவில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் மேல்பகுதி, எண் 666. கடலே இல்லாத ஊரில் கப்பல் எதற்கு? உலகின் முதல் அணுசக்தி நீர்மூழ்கியான நாட்டிலஸின் மாதிரி உலை இந்தப் பாலைவனத்தில்தான் 1953இல் ஓடியது. அமெரிக்கக் கடற்படையின் ரிக்கோவர் கப்பலுக்காகத் தேர்ந்த, தண்ணீரைக் கொதிக்கவிடாமல் அழுத்தத்தில் வைக்கும் அழுத்த நீர் வகையே, 1957இல் பென்சில்வேனியாவின் ஷிப்பிங்போர்ட்டில் 60 மெகாவாட் மின் நிலையமாகக் கரை ஏறியது. கூடங்குளத்தில் இருப்பதும் அழுத்த நீர் வகைதான், ரஷ்யர்கள் தனியே வளர்த்தெடுத்தது.

போர்டில் எழுதியது எவ்வளவு உண்மை? 1954 ஜூன் 27இலேயே ரஷ்யாவில் ஒப்னின்ஸ்க் நிலையம் 5 மெகாவாட்டைக் கிரிட்டில் சேர்த்துவிட்டது. 1956இல் எலிசபெத் ராணி திறந்த இங்கிலாந்தின் கால்டர் ஹால் நிலையத்துக்கோ முதல் வேலை குண்டுக்குப் புளூட்டோனியம், மின்சாரம் கூட வந்த வரவு. ஆர்க்கோ சொல்வது, ஊர் முழுவதும் அணு மின்சாரத்தில் மட்டுமே ஓடியது என்பதை. அது 1955 ஜூலை 17 இரவு. போராக்ஸ் மூன்று என்ற உலை.

அந்த உலையின் யோசனை துணிச்சலானது. உலைக்குள் தண்ணீர் கொதிக்கக் கூடாது, கொதித்தால் உலை தறிகெட்டுவிடும் என்று பலர் பயந்தார்கள். சாமுவேல் அன்டர்மயர், கொதிக்கட்டும், குமிழி வந்தால் நியூட்ரானை மெதுவாக்கத் தண்ணீர் குறையும், வினை தானே தணியும் என்றார். சோதித்துப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. முதல் போராக்ஸை 1954இல் வேண்டுமென்றே எல்லை மீற விட்டு வெடிக்கவும் வைத்தார்கள். இந்தக் கொதிநீர் வகைதான் 1969இல் தாராப்பூர் வந்து, இந்தியாவின் முதல் அணு மின்சாரம் ஆனது.

போராக்ஸ் தந்த 2 மெகாவாட்டில் ஆர்க்கோவின் பங்கு 500 கிலோவாட். வழக்கமான லைனைத் துண்டித்து, ஊரை உலையோடு இணைத்தார்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அடுத்த மாதமே ஜெனீவாவில் ஹோமி பாபா தலைமையில் நடந்த ஐ.நா. அணுசக்தி மாநாட்டில் அமெரிக்கா இதைப் பெருமையோடு சொல்லிக்கொண்டது.

சாப்பிடப் போன கடையில் 'அணு பர்கர்' என்று ஒன்று இருந்தது. எனக்கு உருளைக்கிழங்கு வறுவல் மட்டும். மாப்பிள்ளை பர்கரைக் கடித்தபடியே கேட்டார்: "அந்த ஒரு மணி நேரத்துக்கு இவங்களுக்கு பில் போட்டிருப்பாங்களா மாமா?"

"500 கிலோவாட், ஒரு மணி நேரம். ஊருக்கே 500 யூனிட்" என்றேன். "கொஞ்சம் கூட ஓட்டியிருக்காங்க இல்ல, நம்ம ஊரா இருந்தா ஸ்லாப் மாறியிருக்கும்."